மாமாவின் ஆறு நோட்டுகளை யார் கையில் கொடுப்பது?

மாமாவுக்கு வருகிற தை மாதம் எண்பது வயது நிறைகிறது. சாத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் கிளை அஞ்சலகத்தைப் பார்த்துக்கொண்டவர், ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருக்க முடியாமல் எழுத ஆரம்பித்து ஆறு நோட்டுகளை நிரப்பி வைத்திருக்கிறார். அதைப் புத்தகமாகப் போட்டு, விழாவுக்கு வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பையோடு கொடுக்கலாம் என்று பேச்சு வந்தது. "நீதான் எந்நேரமும் கம்ப்யூட்டர்லயே உட்கார்ந்திருக்கியே" என்று வேலை என் தலையில் விழுந்தது. தட்டச்சு முடிந்து இருபத்திரண்டாயிரம் சொற்களோடு ஒரு கோப்பு கையில் இருக்கிறது. பக்க அமைப்பை எதில், யாரை வைத்துச் செய்வது என்பதில்தான் ஒரு மாதம் ஓடிவிட்டது. அப்பாவின் கவிதைகள், கோயில் மலர், பள்ளி ஆண்டு மலர் என்று இதே இடத்தில் முழித்துக்கொண்டு நிற்கிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள், அவர்களுக்காக நான் அலசிய வழிகளை எழுதி வைக்கிறேன்.

முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். தட்டச்சு முடிந்த சந்தோஷத்தில் கோப்பை அப்படியே தங்கைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இருபது நிமிடத்தில் பதில் வந்தது: "இதுல தாத்தா பேசுறது எது, மாமா பேசுறது எது?" எனக்குக் கோபம். நோட்டில் அவ்வளவு தெளிவாக இருக்கிறதே என்று எடுத்துப் பார்த்தால், ஆமாம், நோட்டில் தெளிவாக இருக்கிறது. மாமா கதை சொல்கிற இடமெல்லாம் பக்கம் நிறைய ஓடுகிறது. தாத்தா கொழும்பிலிருந்து எழுதிய கடிதங்களைப் பார்த்து எழுதியிருக்கும் இடங்களில் ஒரு அங்குலம் உள்ளே தள்ளி, இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு. 1964இல் நடந்த பெரியம்மா கல்யாணத்தின் மொய்க் கணக்கை ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, ரூபாய்க்கு ஒரு பத்தி, பைசாவுக்கு ஒரு பத்தி. ஒரு சம்பவம் முடிந்து வேறு காலத்துக்குப் போகிற இடத்தில் இரண்டு வரி காலியாக விட்டிருக்கிறார். யாரிடமும் வடிவமைப்பு படித்தவரில்லை. மணியார்டர் படிவங்களோடு காலம் தள்ளியவர், எது எந்தக் கட்டத்தில் இருக்க வேண்டும் என்று கைக்கே தெரிந்திருக்கிறது. நான் சொற்களை மட்டும் அடித்தேன். கோட்டையும் இடைவெளியையும் அலங்காரம் என்று நினைத்து விட்டுவிட்டேன், அதோடு 'இது யார் குரல்' என்ற தகவலும் போய்விட்டது.

அதனால் எந்த வழியைப் பார்த்தாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன்: அந்தச் சிவப்புக் கோட்டை அச்சில் திருப்பிக் கொண்டுவர இது தோதுப்படுமா?

ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது டிடிபி சென்டர், அதாவது கணினியில் பக்கம் அமைத்துத் தருகிற கடை. சிவகாசி கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, அப்புறம் என்ன யோசனை என்பார்கள். நியாயம்தான். கல்யாணப் பத்திரிகையும் நோட்டீசும் மலரும் போட்டுப் போட்டுப் பழகிய ஆபரேட்டருக்குத் தெரிந்தது எனக்கு இனிமேல் வராது. பாரக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய தாளின் இரண்டு பக்கமும் அடித்து மடித்தால் 16 பக்கம், அது ஒரு பாரம். 160 பக்கம் என்றால் கச்சிதமாகப் பத்து பாரம். 163இல் போய் நின்றால் அந்த மூன்று பக்கத்துக்காக இன்னொரு பாரத்தில் கை வைக்க வேண்டும். கைதேர்ந்த ஆபரேட்டர் அலட்டிக்கொள்ளாமல் வரியிடைவெளியை 18 பாயிண்டிலிருந்து (எழுத்தையும் இடைவெளியையும் அளக்கிற அச்சு அலகு) 17.5 ஆக்குவார், நாலு பக்கம் உள்ளே போய்விடும், வித்தியாசம் கண்ணுக்கும் தெரியாது. அப்புறம், பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து "இந்தக் கடிதத்தைக் கொஞ்சம் உள்ளே தள்ளுங்க, இன்னும் கொஞ்சம், போதும்" என்று சொல்லலாம். எந்த மென்பொருளிலும் கிடைக்காத வசதி இது.

ஆனால் கொடுப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும்: எந்த எழுத்துருவில் செய்வீர்கள், ஒருங்குறியா? ஒருங்குறி என்றால் யூனிகோட், எந்தக் கணினியும் போனும் ஒரே மாதிரி படிக்கிற எழுத்துக் குறியேற்றம். இன்னமும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க அமைப்பு மென்பொருளில் வேலை நடக்கிற இடங்கள் உண்டு. அதன் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001இல். அதற்கு ஒருங்குறி தெரியாது. அதனால் பாமினி, வானவில் மாதிரி பழைய எழுத்துருக்களில்தான் அடித்தாக வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிக் குறியேற்றம். பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் திரையில் அம்மாதான் தெரியும், கோப்புக்குள் இருப்பதோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச். எழுத்துரு இருக்கிறவரை அது அம்மா, இல்லாத கணினியில் வெறும் ஆங்கிலக் குப்பை. தேடினால் கிடைக்காது, மின்னூலாக்க முடியாது, போனில் படிக்க முடியாது. தமிழ்நாடு அரசே 2010இல் ஒருங்குறியை ஏற்று ஆணை போட்டுவிட்டது, நாம் இன்னும் அங்கேயே நிற்பதில் அர்த்தமில்லை.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். குலதெய்வக் கோயிலுக்கு ஒரு மலர் போட்டோம், ஒரு டிடிபி சென்டரில்தான். அழகாக வந்தது. கோப்பைக் குறுந்தகட்டில் போட்டுக் கொடுத்தார்கள், பத்திரமாக வைத்திருந்தோம். ஏழு வருடம் கழித்துச் சில பெயர்களைச் சேர்த்து மறுபடி அடிக்கலாம் என்று போனால் அந்தக் கடையே இல்லை. வேறொரு இடத்தில் கோப்பைத் திறந்தோம், 96 பக்கமும் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாக விரிந்தது. மாற்றிக் கொடுக்கிற மென்பொருள்கள் இருக்கின்றன, எங்கள் கோப்பில் இரண்டு மூன்று எழுத்துருக்கள் கலந்திருந்ததால் பாதி தேறியது, பாதி தேறவில்லை. கடைசியில் அச்சான மலரை எதிரில் வைத்துக்கொண்டு முதலிலிருந்து தட்டச்சு செய்தோம்.

சரி, நாமே வேர்டில் செய்துவிட்டால்? பெரும்பாலானவர்கள் இதைத்தான் செய்வார்கள், தப்பாகவும் செய்வார்கள். தலைப்பை நடுவில் கொண்டுவர ஸ்பேஸ் பாரைத் தட்டுவது, அடுத்த பக்கத்துக்குப் போக எண்டரைத் தட்டிக்கொண்டே இருப்பது. பக்க அளவை ஏ4இலிருந்து டெம்மி என்ற வழக்கமான புத்தக அளவுக்கு மாற்றியதும் எல்லாம் தாறுமாறாகும், அப்போது வேர்டைத் திட்டுவோம். வேர்டிலும், அதைப் போன்ற இலவச மென்பொருளான லிப்ரே ஆபீஸ் ரைட்டரிலும் 'ஸ்டைல்' என்று ஒன்று இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ள ஒரு மாலை நேரம் போதும், என்னைக் கேட்டால் இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் பரவாயில்லை, அதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். 'கடிதம்' என்று ஒரு பத்தி ஸ்டைலை உருவாக்குகிறோம்: இடது பக்கம் ஒரு சென்டிமீட்டர் உள்ளே, இடது ஓரத்தில் மட்டும் மெல்லிய கோடு, மேலும் கீழும் அரை வரி இடம். தாத்தாவின் ஒவ்வொரு கடிதத்துக்கும் அந்தப் பெயரைச் சூட்டிவிட்டால் முடிந்தது. கோடு கனமாக இருக்கிறது என்று நாளைக்கு மாமா சொன்னால் ஒரு இடத்தில் மாற்றினால் போதும், முப்பத்தொரு கடிதமும் சேர்ந்து மாறும். அத்தியாயத் தலைப்புகளுக்கும் அப்படியே பெயர் கொடுத்திருந்தால் பொருளடக்கத்தைப் பக்க எண்ணோடு அதுவே போட்டுத் தரும். மாமா நோட்டில் செய்ததும் இதுதான், கடிதம் என்றால் சிவப்புக் கோடு என்று மனதில் ஒரு விதி வைத்துக்கொண்டு ஆறு நோட்டிலும் மாறாமல் செய்திருக்கிறார்.

இந்த வழியில் உதைக்கிற இடம் வேறு. இரண்டு ஓரமும் நேராக இருக்கும்படி வரியை இழுத்துவிடுவது தமிழில் எளிதில்லை. டெம்மி அளவில் பக்கத்தின் அகலம் 14 சென்டிமீட்டர், ஓரங்கள் போக எழுத்துக்குக் கிடைப்பது பத்து. 12 பாயிண்டில் ஒரு வரிக்கு ஐந்தாறு சொற்கள்தான் பிடிக்கும். 'எழுதிக்கொண்டிருந்தபோது' என்று பன்னிரண்டு எழுத்தில் ஒரு சொல் வரியின் கடைசியில் வந்து இடம் போதாமல் கீழே இறங்கினால், மேலே மிச்சமிருக்கும் நாலு சொற்களை இழுத்து நிரப்ப வேண்டியிருக்கும், நடுவில் பல் விழுந்த வாய் மாதிரி இடைவெளி. அடுத்தடுத்த வரிகளிலும் அப்படி ஆனால் பக்கத்தின் நடுவில் வெள்ளையாக ஒரு ஓடை ஓடும். ஆங்கிலச் சொற்கள் சின்னவை, அங்கே இது இவ்வளவு உறுத்தாது. தீர்வு இரண்டு. ஒன்று, வலது ஓரத்தை இழுக்காமல் விட்டுவிடுவது. "என்னப்பா ஓரமெல்லாம் கோணலா இருக்கு" என்பார்கள், நோட்டில் யாரும் ஓரத்தை நேராக்கி எழுதுவதில்லை என்று பதில் சொல்லிக்கொள்ளலாம். இரண்டு, சொல்லை உடைத்து 'எழுதிக்' என்பதை மேலே விட்டு 'கொண்டிருந்தபோது' என்பதைக் கீழே இறக்குவது. புள்ளி வைத்த எழுத்தில் புது வரி தொடங்கக் கூடாது என்ற ஒழுங்கு மட்டும் தவறக் கூடாது. கையால் அங்கங்கே உடைக்கலாம், ஆனால் மேலே ஒரு சொல்லைச் சேர்த்ததும் உடைத்த இடமெல்லாம் நகர்ந்து வரியின் நடுவில், உடைத்ததற்காகப் போட்ட சின்னக் கோடு அசட்டுத்தனமாக வந்து நிற்கும்.

அந்த உடைக்கிற வேலையை ஒழுங்காகச் செய்வது லாடெக், கட்டளைகளை எழுதிக் கொடுத்துப் பக்கம் அமைக்கிற மென்பொருள். அதற்கு அடியில் இருக்கும் டெக், டொனால்ட் கனூத் என்ற கணினிப் பேராசிரியர் தன் புத்தகத்தின் மறுபதிப்புக்கு வந்த மெய்ப்பு கண்கொண்டு பார்க்க முடியாமல் இருந்ததால் 1977இல் தானே இறங்கி எழுத ஆரம்பித்தது. எழுதினவனே பக்கத்தைப் பற்றியும் கவலைப்பட்டான் என்பதால் எனக்கு அதன் மேல் ஒரு தனிப் பிரியம். சாதாரணமாக மென்பொருள்கள் வரி வரியாக முடிவெடுக்கும், இது முழுப் பத்தியையும் பார்த்துவிட்டு எங்கே உடைத்தால் மொத்தத்தில் நன்றாக இருக்கும் என்று கணக்குப் போடும். அதன் புதிய வடிவமான ஜீடெக் வந்த பிறகு ஒருங்குறித் தமிழையும் நேராகவே கொடுக்கலாம், தமிழுக்குச் சொல் பிரிக்கும் விதிகளும் அதில் இருக்கின்றன. ஒரு அத்தியாயத்தை அதில் போட்டுப் பார்த்தேன். நாலு வழியிலும் அழகான பக்கம் அதுதான், சந்தேகமே இல்லை. ஆனால் கோப்பு முழுக்கக் கட்டளைகள். மாமாவுக்குத் திரையைக் காட்டினேன், "இது என்னடா, தந்தி அடிச்ச மாதிரி இருக்கு" என்றார். அவர் ஒரு பெயரைத் திருத்த நினைத்தாலும் என் கையை எதிர்பார்க்க வேண்டும். ஆய்வேடு, அடிக்குறிப்பு நிறைந்த பதிப்பு என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதற்குப் போங்கள்.

இன்டிசைன் தொழில்முறைப் புத்தக வடிவமைப்பாளர்களின் ஆயுதம். சந்தா கட்ட வேண்டும், ஒரு புத்தகத்துக்காக நாம் வாங்குவது கட்டுப்படியாகாது, தெரிந்த ஒருவரிடம் கொடுப்பதுதான் வழி. கொடுக்கும்போது தமிழ் செய்து பழக்கமுண்டா என்று கேளுங்கள். இந்திய எழுத்துகளுக்கென்று அதில் 'வேர்ல்டு ரெடி கம்போசர்' என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும், 'கெ' என்பது ககரமும் அதற்குப் பின்னால் ஒரு கொம்புமாகப் பிரிந்து கிடக்கும். தமிழ் தெரியாத வடிவமைப்பாளர் கண்ணுக்கு அது தப்பாகவே படாது. விமான நிலையங்களிலும் விளம்பரத் தட்டிகளிலும் இப்படிச் சிதைந்த தமிழைப் பார்த்திருப்பீர்கள், காரணம் பெரும்பாலும் இந்த மாதிரி ஒரு தேர்வை விட்டதுதான். இன்னொரு சிக்கல், வடிவமைப்பாளர் கைக்குப் போன பிறகு ஒவ்வொரு திருத்தமும் ஒரு மின்னஞ்சல், ஒரு காத்திருப்பு. மாமா திருத்திக்கொண்டே இருக்கிற ஆள். அட்டைக்கு மட்டும் ஒரு வடிவமைப்பாளரைப் பிடித்துவிட்டேன், அட்டையில் நான் கைவைத்தால் குத்துவிளக்குப் படத்தைத் தாண்டி எதுவும் தோன்றாது.

கான்வா என்ற இணைய வடிவமைப்புத் தளத்தைச் சொன்னவர்களும் உண்டு. அழைப்பிதழுக்கு நல்லது. 160 பக்கத்துக்கு வேண்டாம்.

பேசிக்கொண்டே இருப்பதில் பயனில்லை என்று ஒரே பக்கத்தை நாலு விதமாக அச்செடுத்து, டெம்மி அளவுக்குக் கத்தரித்து அத்தையிடம் கொடுத்தேன். வயது எழுபத்திரண்டு. விழாவுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அந்த வயதுதான், படிக்கப் போவது அவர்கள்தான், நானில்லை. எது எதில் செய்தது என்று சொல்லவில்லை. 11 பாயிண்ட் தாளைக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்தார், கண்ணாடியை ஏற்றி இறக்கினார், கீழே வைத்துவிட்டார். நான் மனதுக்குள் கொண்டாடிக்கொண்டிருந்த லாடெக் பக்கம் அதுதான். 13 பாயிண்டில் 19 பாயிண்ட் வரியிடைவெளியோடு, வலது ஓரத்தை இழுக்காமல் விட்ட தாளை வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார், ஒரு பக்கம் முடிந்து "மீதி எங்க?" என்றார். தமிழ் எழுத்தில் மேலே சுழிகளும் கீழே உகர ஊகாரக் கால்களும் தொங்குகின்றன. 'கீழ்' என்று ஒரு வரியில் வருவதும் அதற்கு மேல் வரியில் 'ஞூ', 'மூ' வருவதும் இடிக்காமல் இருக்க ஆங்கிலத்தைவிடக் கூடுதல் இடம் வேண்டும். எழுத்தளவைப் போல் ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் குறைவாக வரியிடைவெளி வைத்தால் சரியாக இருக்கிறது.

அத்தையிடமிருந்து இன்னொன்றும் கிடைத்தது. கடிதத்தைச் சாய்வெழுத்தில் போட்டிருந்த தாளைப் பார்த்து "இது ஏன் மை சரிஞ்ச மாதிரி இருக்கு, பிரிண்டர் கோளாறா?" என்றார். சாய்வெழுத்து நம் எழுத்து மரபில் வந்ததில்லை, பெரும்பாலும் கணினி நேரான எழுத்தைப் பிடித்துத் தள்ளிவிடுகிறது, அவ்வளவுதான். தடித்த எழுத்திலும் இதே சிக்கல்: எழுத்துருவில் தடித்த வடிவம் தனியாக வரையப்படாமல் இருந்தால் மென்பொருள் தானாகத் தடிக்கவைக்கும், அப்போது ழகரத்தின் சுழியும் ணகரத்தின் உள்வளைவும் அடைபட்டு மைக்கறையாகும். நோட்டோ செரிஃப் தமிழ், முக்த மலர் போன்றவை இலவசமாகக் கிடைக்கின்றன, பல தடிமன்களில் தனித்தனியாகவே வரைந்திருக்கிறார்கள். உள்ளே ஓடும் எழுத்துக்கு நோட்டோ செரிஃப், தலைப்புக்கு முக்த மலர் என்று நிறுத்திக்கொண்டேன். மூன்றாவது எழுத்துருவுக்குக் கை பரபரத்தது, அடக்கிக்கொண்டேன்.

ஆக, லிப்ரே ஆபீஸ். வேர்டிலும் இதெல்லாம் முடியும். ஆனால் வேர்ட் சேமிக்கும்போது படங்களைத் தானாகச் சுருக்கிவிடும், அமைப்பில் போய் அதை நிறுத்த வேண்டும், பழைய புகைப்படங்கள் இருபது இருப்பதால் எனக்கு அது பயம். லிப்ரே ஆபீசில் இன்னொரு சின்ன வசதி, தாளின் இரண்டு பக்கமும் வரிகள் ஒன்றன் பின்னால் ஒன்று விழும்படி கட்டிப்போடலாம். மெல்லிய மேப்லித்தோ தாளில் பின்பக்க எழுத்து நிழலாகத் தெரியும், வரிக்கு நேர் பின்னால் வரி விழுந்தால் அந்த நிழல் வரிகளுக்கு நடுவே வந்து உறுத்தாது. 120 பிரதிதான் என்பதால் டிஜிட்டல் அச்சு, பாரத்தைப் பற்றி அவ்வளவு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஐநூறு, ஆயிரம் என்று அடிக்கிறவர்கள், ஒருங்குறியில் செய்கிற நல்ல டிடிபி ஆள் கிடைத்தால் யோசிக்காமல் அவரிடம் போங்கள், கோப்பையும் எழுத்துருவையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எனக்கு முடிவைச் சுலபமாக்கியது ஸ்டூல்தான். இப்போது ஸ்டூலில் மாமா உட்காருகிறார், நான் தட்டுகிறேன். சில சமயம் நான் எழுந்து காபி போடப் போனால் அவரே ஒற்றை விரலால் திருத்துகிறார், கடிதம் வருகிற இடத்தில் 'கடிதம்' என்ற பெயரைத் தேர்ந்தெடுக்கவும் கற்றுக்கொண்டுவிட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை மொய்க் கணக்கு. தட்டச்சுக் கோப்பில் பெயரும் தொகையும் ஒட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்ததை அட்டவணையாக்கி, பெயர்களை இடது பக்கமும் தொகைகளை வலது பக்கம் ஒட்டியும் நிறுத்தினேன். 5.00, 1.25, 2.00, 11.00 என்று பைசாவுக்கு நேர் பைசா, ரூபாய்க்கு நேர் ரூபாய். மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு விரலை மேலிருந்து கீழே இறக்கினார், மறுபடி மேலே போனார், பேனா கேட்டார்.

"ரெண்டு ரூபாய் இடிக்குதேடா" என்றார். "நான் பாத்து எழுதினதுலயே விட்டுட்டேனா, இல்ல அப்பாவே விட்டுட்டாரா?"

கட்டிலுக்கு அடியிலிருந்து தாத்தாவின் அசல் மொய் நோட்டு இருக்கிற தகரப் பெட்டியை அத்தை இழுக்க ஆரம்பித்தார்.